சின்ன அறிகுறி, பெரிய பயம்: தேடலா, டெஸ்டா, டாக்டரா, மனநல சிகிச்சையா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34; ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. இரண்டு மாதமாக அவருக்கு இடது கண் இமை துடிக்கிறது. "பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது நடக்கும்" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். இவரோ கைபேசியில் தேடியிருக்கிறார். கால் மணி நேரத்துக்குள், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் கொடிய நரம்பு நோய் ஒன்றின் பெயர் திரையில் வந்து நின்றிருக்கிறது. அன்றிலிருந்து தூக்கமில்லை. இப்போது கெண்டைக்காலும் துடிப்பது போல இருக்கிறதாம்.

அவர் கேட்பது இதுதான்: முழு உடல் பரிசோதனை செய்துகொண்டால் நிம்மதி வந்துவிடுமா? நேரே நரம்பியல் நிபுணரிடம் போவதா? வீட்டுக்காரர் சொல்வது போல மனநல மருத்துவரைப் பார்ப்பதா? இல்லை, எதுவும் செய்யாமல் விட்டுவிடுவதா?

இந்தக் கேள்வியோடு நானும் ஒரு வருடம் வாழ்ந்திருக்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் எனக்குத் தாடைக்குக் கீழே வலப்பக்கம் நெறி கட்டியது. புளியங்கொட்டை அளவு இருக்கும். கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்த சமயம் அது. பல் சரியான பிறகும் நெறி முழுதாகக் கரையவில்லை. ஒரு இரவு உட்கார்ந்து தேடினேன். நிணநீர்ப் புற்றுநோய் என்ற சொல்லைப் படித்தேன். அதற்குப் பிறகு என் வலக்கை விரல்கள் அந்த இடத்தை விட்டு அகலவில்லை. பஸ்ஸில், அலுவலகத்தில், சாப்பாட்டுக்கு நடுவில்கூட. "திரும்பவும் தொட்டுப் பார்க்கிறீர்களா?" என்று மனைவி கேட்ட பிறகுதான் கை அங்கே இருப்பதே எனக்குத் தெரியும். கீழே சொல்லப்போகும் எல்லா வழிகளிலும் நான் போய்வந்தேன், பெரும்பாலும் தவறான வரிசையில். அந்த வரிசையை மற்றவர்களாவது சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## ஒப்பிடுவதற்கு முன்: காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், கூடவே குளிர்ந்த வியர்வை. திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல். கடும் மூச்சுத் திணறல். இவற்றுக்கு எந்த ஒப்பீடும் தேவையில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். "வாய்வாக இருக்கும்" என்று சோடாவும் சீரகத் தண்ணீரும் குடித்துக்கொண்டு, மாரடைப்பின் முதல் மணி நேரத்தைத் தவறவிட்ட வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு.

இன்னும் சில, அவசரம் இல்லாவிட்டாலும் அந்த வாரத்திலேயே ஒரு டாக்டர் பார்க்க வேண்டியவை: இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் (அரசின் காசநோய்த் திட்டம் சளிப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் கெடுவும் அதுதான்), மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், அதே அளவு நாள் நீடிக்கும் குரல் கம்மல், காரணம் தெரியாத எடைக்குறைவு, சளியிலோ மலத்திலோ ரத்தம், மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, வளர்ந்துகொண்டே போகிற அல்லது கல்லைப் போல் இறுகிய நெறி.

பட்டியலைப் படிக்கும்போதே ஒவ்வொன்றையும் உங்கள் உடம்பில் தேடத் தொடங்கியிருந்தால், கொஞ்சம் நிறுத்துங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

உண்மையிலேயே நோய் இருந்தால் இந்த வழி அதைப் பிடிக்குமா, தவறவிடுமா? இதில் கிடைக்கும் நிம்மதி எத்தனை நாள் தாங்கும்? வெளியே தெரியும் பணத்தைத் தவிர வேறு என்ன செலவாகும்? அடுத்த முறை வேறோர் இடத்தில் வலித்தால், இந்த வழி என்னைத் திடமாக்கியிருக்குமா, இன்னும் பயந்தவனாக்கியிருக்குமா?

பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். நோய் பயம் உள்ளவருக்கு இரண்டாவதும் நான்காவதும்தான் முக்கியம். ஏனென்றால் கீழே உள்ள எல்லா வழியும் ஏதோ ஒரு நிம்மதியைத் தரத்தான் செய்கிறது. அது ஐந்து நிமிடமா, ஐந்து மாதமா என்பதில்தான் வித்தியாசம்.

## கைபேசியில் தேடுதல்

செலவில்லை, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, நடுராத்திரியிலும் கிடைக்கும். இந்த மூன்று வசதிகளும்தான் இதன் ஆபத்து.

2009-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரையன் ஒயிட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும், மக்கள் சாதாரண அறிகுறிகளைத் தேடும்போது என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். 'தலைவலி' என்று தேடினால் வரும் பக்கங்களில், காபியை நிறுத்தியதால் வரும் தலைவலிக்கும் மூளைக் கட்டிக்கும் ஏறக்குறைய சம இடம் கிடைத்தது. உண்மை வாழ்க்கையில் முதலாவது அன்றாட நிகழ்வு. இரண்டாவது மிக அரிது. எது அதிகம் எழுதப்பட்டிருக்கிறது, எது அதிகம் படிக்கப்படுகிறது என்பது தேடுபொறிக்குத் தெரியும். உங்கள் வயதில், உங்கள் உடம்பில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்பது அதற்குத் தெரியாது.

இப்போது ஏ.ஐ. செயலிகளும் வந்துவிட்டன. அவை பதமாகவே பேசுகின்றன; பல நேரம் சரியாகவும் சொல்கின்றன. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்டால் மனைவி சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பு நம்மை நிறுத்தும் ஒரு வேலி. இயந்திரம் சலிப்பதில்லை, இரவு இரண்டு மணிக்கு நாற்பதாவது முறையும் பொறுமையாக ஆறுதல் சொல்லும். நாற்பத்தோராவது முறை கேட்கவும் அதுவே கதவைத் திறந்து வைக்கிறது.

நோய் என்னவென்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு, மருந்தை எப்படிச் சாப்பிடுவது, எதைத் தவிர்ப்பது என்று பார்ப்பதற்குத் தேடல் நன்றாகவே உதவும். நோய் என்னவென்று கண்டுபிடிக்க, அதுவும் இரவில், வேண்டாம்.

## முழு உடல் பரிசோதனை

வாசகியின் மனம் அதிகம் சாய்வது இந்தப் பக்கம்தான் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. "எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிட்டால் முடிந்தது" என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் போனேன்.

ரிப்போர்ட் ஒன்பது பக்கம். எழுபது எண்களுக்கு மேல். எல்லாம் இயல்பு, ஒன்றைத் தவிர. ஈசினோஃபில் என்ற வகை வெள்ளையணு நூற்றுக்கு 6-க்குள் இருக்க வேண்டியது 7.2 என்று தடித்த எழுத்தில் இருந்தது. மீதி எண்கள் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒரு வாரம் ஈசினோஃபில் பற்றியே படித்தேன். அதற்குள்ளும் புற்றுநோய் இருந்தது. கடைசியில் எங்கள் தெருமுனை டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "வயிற்றுப் பூச்சிக்கு மருந்து சாப்பிட்டு எத்தனை நாளாகிறது?" வயிற்றில் பூச்சி இருந்தாலும் அந்த எண் ஏறுமாம்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், யாரும் சொல்வதில்லை என்பதால். லேப் ரிப்போர்ட்டில் 'இயல்பு அளவு' என்று அச்சிடும் எல்லை, பெரும்பாலும் ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் அடங்கும்படி வகுக்கப்படுவது. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்களே. எல்லைக்கு வெளியே விழுந்தவர்கள், அவ்வளவுதான். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தால், எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு ஓர் எண்ணாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 64. எழுபது எண்கள் என்றால் இன்னும் அதிகம். நோய் பயம் உள்ளவர் கையில் அந்த ஒரு தடித்த எண்ணைக் கொடுப்பது, காய்ந்த சருகில் தீக்குச்சியைப் போடுவது போல.

"இயல்பு என்று வந்தால் நிம்மதிதானே?" என்று கேட்கலாம். 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதையே பார்த்தது. பெரிய நோய்க்கு வாய்ப்பு குறைவாக இருந்த, மொத்தம் 3,828 பேரைக் கொண்ட 14 ஆய்வுகள். பரிசோதனை செய்துகொண்டவர்களின் நோய்க் கவலையோ பொதுவான பதற்றமோ, செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை. எனக்கும் அப்படித்தான். கழுத்து ஸ்கேனில் 'சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை' என்று வந்தது. இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள், ஸ்கேன் எடுத்தவர் அவசரமாக எடுத்தாரே என்று தோன்றியது.

தேவையில்லாமல் தேடினால் தேவையில்லாததும் கிடைக்கும். தென் கொரியாவில் 1999 முதல் புற்றுநோய்ப் பரிசோதனை நாடு தழுவிய திட்டமானது. அதோடு கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்துக் கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. 2011-இல் அங்கே கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய், 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தந்திருக்காத சின்னஞ்சிறு கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் தைராய்டை எடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடும் நிலைக்கு வந்தார்கள்.

பரிசோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அறிகுறி காட்டாமலே வளர்பவை. 30 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் இவ்விரண்டையும் வாய்ப்புற்றையும், பெண்களுக்கு மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகியவற்றையும் பரிசோதிப்பது அரசின் திட்டமாகவே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணம் இல்லாமல் செய்துகொள்ளலாம். வயதுக்கு ஏற்ற, டாக்டர் சொன்ன, குறிப்பிட்ட சோதனை நல்லது. பயத்தை அடக்குவதற்காக வாங்கும் எழுபது எண்களின் தொகுப்பை என்னால் யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

## நிபுணர் மாற்றி நிபுணர்

இதை நீட்ட வேண்டியதில்லை. நெஞ்சு படபடத்தால் இதய நிபுணர், வயிறு புரண்டால் குடல் நிபுணர், கண் துடித்தால் நரம்பு நிபுணர். ஒவ்வொருவரும் தம் பகுதியைப் பார்த்துவிட்டு "என் பக்கம் ஒன்றுமில்லை" என்பார்கள். அது உண்மையும்கூட. ஆனால் உங்களை முழுதாகப் பார்த்தவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார். ஒவ்வொரு இடத்திலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு ஸ்கேன் எழுதுவார்கள். தெரிந்த டாக்டர் ஒருவர் சீட்டெழுதி அனுப்பினால் நிபுணரிடம் போவது சரி. நாமாக வரிசையாகப் போவது பணத்தையும் தைரியத்தையும் ஒருசேரக் கரைக்கும்.

## தெரிந்த ஒரே டாக்டர்

கைராசிக்காரர் என்று ஊரில் சொல்வோமே, அந்தக் கைராசியில் பாதி, நம்மைப் பல வருடமாகத் தெரிந்திருப்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருமுனை டாக்டருக்கு அப்போது எழுபது வயது இருக்கும். கழுத்தில் நெறி என்றதும் அவர் கழுத்தோடு நிற்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். மறுபக்கக் கழுத்து, இரண்டு அக்குள், தொடை இடுக்கு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். மேசையிலிருந்த சின்ன ஸ்கேலை எடுத்து நெறியை அளந்து, சீட்டில் எழுதினார்: "1 செ.மீ., மெத்தென்று இருக்கிறது, நகர்கிறது."

பிறகு சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். "கழுத்தில் எப்படி அழுத்துவாயோ அப்படியே முன்கையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிரு, தம்பி. நான் எழுதி முடிக்கும்வரை நிறுத்தாதே." இரண்டு நிமிடம் இருக்கும். கையை எடுத்தபோது அந்த இடம் சிவந்து, தொட்டால் வலித்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுத்தில் இப்படிச் செய்கிறாய்?"

"ஐம்பது இருக்கும், டாக்டர்."

"அப்புறம் அது எப்படி வலிக்காமல் இருக்கும்?"

மருந்து எழுதவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு தேதியை எழுதிக் கொடுத்தார். அதற்குள் காய்ச்சல் வந்தாலோ எடை குறைந்தாலோ மட்டும் முன்னதாக வரச் சொன்னார். "அதுவரை தொடாதே. தொட்டால் தேதி ஒரு வாரம் தள்ளிப் போகும்." அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் ஆறு வாரம் இருந்தது. கை கழுத்துக்குப் போகும்போதெல்லாம் பைக்குப் போயிற்று.

முதல் கேள்விக்கு இந்த வழியின் பதில் நன்றாகவே இருக்கிறது. உடம்பு முழுவதையும் பார்க்கிறவர், ஆறு வாரம் முன்பு எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருப்பவர், மாற்றத்தைக் கண்டுபிடிப்பார். நிம்மதியும் ஸ்கேனைவிட அதிக நாள் தாங்கியது.

மறைமுகச் செலவும் இல்லாமல் இல்லை. நோயாளியைத் திருப்திப்படுத்தவே சத்து ஊசியும் ஆன்டிபயாடிக்கும் எழுதும் டாக்டர்கள் உண்டு. "ஊசி போட்டாரே, அப்படியானால் ஏதோ இருக்கத்தானே செய்கிறது" என்று மனம் முடிவுகட்டிவிடும். இன்னொன்று, "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று அதட்டி அனுப்புகிறவர். பயந்தவருக்கு அது ஆறுதலாகாது. 'சரியாகப் பார்க்கவில்லை' என்றுதான் படும். என்ன பார்த்தேன், ஏன் பயமில்லை, எப்போது திரும்ப வர வேண்டும் என்ற மூன்றையும் சொல்கிறவரே நமக்கு வேண்டியவர். நகரத்தில் அப்படி ஒருவர் அமையவில்லை என்றால், அருகிலிருக்கும் பொது மருத்துவர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு மூன்று நான்கு முறை அவரிடமே போங்கள். தெரிந்த டாக்டர் அப்படித்தான் உருவாகிறார்.

## தேதி போட்டுக் காத்திருத்தல்

டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிட்ட பின், அல்லது மிகச் சாதாரணமான ஒன்றுக்கு, நாமே செய்துகொள்ளக்கூடியது இது. தாளில் மூன்று வரி: என்ன இருக்கிறது, இன்றைய தேதி, மறுபடி பார்க்கப்போகும் தேதி. பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வாரம் போதும். அதுவரை தொட்டுப் பார்ப்பதில்லை, கண்ணாடியில் பார்ப்பதில்லை, தேடுவதில்லை, வீட்டில் கேட்பதில்லை.

'கவலைப்படாமல் இரு' என்ற வழக்கமான அறிவுரை வேறு, இது வேறு. கவலைப்படாதே என்றால் யாருக்கும் முடியாது. 14-ஆம் தேதி கவலைப்படலாம் என்றால், மனம் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறது. இமைத் துடிப்பு, தும்மல், தசைப்பிடிப்பு, வாய்வுக் குத்தல் எல்லாம் பெரும்பாலும் அந்தத் தேதிக்குள் போய்விடும். போனதைக் கண்ணால் பார்த்த அனுபவம், பத்து ஆறுதல் சொற்களைவிட ஆழமாகப் பதியும்.

யாருக்கு இது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். நோய் பயத்தில் இரண்டு வகை உண்டு. ஓடி ஓடி டாக்டரைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. கேட்டால் பெரிய நோயைச் சொல்லிவிடுவார்களோ என்று டாக்டர் பக்கமே போகாதவர்கள் இன்னொரு வகை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்வரையறைக் கையேடும் இவ்விரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. இரண்டாம் வகையினருக்குக் காத்திருப்பு என்பது ஒளிந்துகொள்ள ஒரு சாக்காகிவிடும். அவர்கள் தேதி போட வேண்டியது டாக்டரிடம் போவதற்கு.

கஷாயம், மந்திரித்தல், விபூதி ஆகியவற்றையும் பலர் இந்த இடைவெளியில்தான் நாடுகிறார்கள். சுக்குக் கஷாயம் இரண்டு வாரக் காத்திருப்பைத் தாங்க உதவினால் நல்லதே. மேலே சொன்ன காத்திருக்கக் கூடாதவற்றுக்கு மாற்றாக அது வந்துவிடக் கூடாது.

## மனநல சிகிச்சை

நெறி விஷயத்தில் தெருமுனை டாக்டர் என்னைக் காப்பாற்றினார். ஏழு மாதம் கழித்து நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. இ.சி.ஜி. எடுத்தேன், இயல்பு, இரண்டு நாள் நிம்மதி. பிறகு பின்தலையில் ஒரு குத்தல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: பயம் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. இடத்துக்கு இடம் பரிசோதித்தால் இதற்கு முடிவில்லை. அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவரும் அதே டாக்டர்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சீட்டெழுதிக் கொடுத்தார். அந்த வெளிநோயாளர் வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நின்றது நினைவிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது சொல்வேன்.

இந்தப் பயத்துக்கு நன்கு ஆராயப்பட்ட சிகிச்சை, சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. எனக்கு அமைந்த உளவியலாளர் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். நான்கு கட்டங்கள்: உடம்பில் என்ன தோன்றியது, மனம் என்ன சொன்னது, அதற்கு நான் என்ன செய்தேன், நிம்மதி எவ்வளவு நேரம் தாங்கியது. மூன்று வாரம் எழுதிய பின் அவர் கடைசிக் கட்டத்தை மட்டும் படித்துக் காட்டினார். மனைவியிடம் கேட்டால் இருபது நிமிடம். கைபேசியில் தேடினால் நிம்மதியே இல்லை, பயம் கூடியிருந்தது. இ.சி.ஜி.க்கு இரண்டு நாள். ஒன்றுமே செய்யாமல் இருந்த இரண்டு சந்தர்ப்பங்களில், பயம் முக்கால் மணி நேரத்தில் தானாகத் தணிந்திருந்தது. அந்தக் கட்டத்தை எழுதியது என் கைதான். அதனால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

ஆறுதல் தேடத் தேடப் பயம் வேரூன்றுகிறது என்பதைப் பிரிட்டனில் பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலாரி வார்விக் இருவரும் 1986-இலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் சிகிச்சையில் வீட்டாருக்கும் பங்குண்டு. நான் கேட்கும்போதெல்லாம் "ஒன்றுமில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக, "தேதி வரட்டும்" என்று மட்டும் சொல்ல மனைவி ஒத்துக்கொண்டார். அப்படிச் சொல்வது அவருக்கும் எளிதாக இல்லை. இன்னொரு பயிற்சி: மூன்று மாடிப் படிகளை வேகமாக ஏறி, படபடக்கும் நெஞ்சோடு, நாடியைப் பிடித்துப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது. முதல் நாள் நரகம். பத்தாம் நாள் அது வெறும் படி ஏறிய களைப்பு.

பீட்டர் டைரர் தலைமையில் இங்கிலாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. இதயம், குடல், நரம்பு போன்ற பிரிவுகளுக்கு வந்த, நோய் பயம் மிகுந்த 444 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு ஐந்து முதல் பத்து அமர்வுகள் சி.பி.டி. ஓராண்டு கழித்து, இயல்பான நிலைக்குத் திரும்பியோர் சிகிச்சை பெற்ற பக்கத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. பயன் இரண்டு ஆண்டுகள் வரை நீடித்தது. எல்லாரும் முழுதாகக் குணமாகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலருக்குப் பயம் குறைகிறது. சிலருக்குத்தான் முற்றிலும் போகிறது.

மருந்தும் உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளை மனநல மருத்துவர் எழுதலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் குமட்டலும் கொஞ்சம் பதற்றமும் வரலாம்; நம் போன்றவர்கள் அதையே புதிய நோயாக எடுத்துக்கொள்வோம் என்பதால் முன்பே தெரிந்திருப்பது நல்லது. நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தெரிந்தவர் கொடுத்தார் என்று, பதற்றத்தை உடனே தணிக்கும் அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகளைக் கைவசம் வைத்து விழுங்குவது இதில் சேராது. அவற்றுக்கு உடம்பு அடிமையாகிவிடும்.

செலவு? அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை. ஆனால் அரைநாள் விடுப்பும் நீண்ட வரிசையும் உண்டு. தனியாரிடம் நகரங்களில் ஒரு அமர்வு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் படுக்கையில் சேராமல் பெறும் அமர்வுகளுக்குப் பல பாலிசிகளில் பணம் வராது என்பதால், முதலில் பாலிசியைப் படித்துவிடுங்கள். ஆலோசகர் என்று பலகை மாட்டியவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள் என்று சொல்ல முடியாது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கேளுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றி, எந்த நேரமும் பேசலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | உண்மையான நோயைப் பிடிக்குமா? | நிம்மதி தாங்கும் காலம் | மறைந்திருக்கும் செலவு | எப்போது சரி? |
|---|---|---|---|---|
| கைபேசித் தேடல் | நம்ப முடியாது | சில நிமிடம். பல நேரம் பயம் கூடும் | தூக்கம் | நோய் உறுதியான பின், மருந்து விவரங்களுக்கு |
| முழு உடல் பரிசோதனை | சிலவற்றை. தேவையற்றதையும் சேர்த்து | சில நாள் | தடித்த எழுத்தில் ஓர் எண், அடுத்த ஸ்கேன் | வயதுக்கேற்ற, டாக்டர் சொன்ன சோதனை மட்டும் |
| நிபுணர்கள் வரிசை | அவரவர் பகுதியில் | அடுத்த அறிகுறி வரை | பணம், மீண்டும் மீண்டும் ஸ்கேன் | தெரிந்த டாக்டர் அனுப்பும்போது |
| தெரிந்த ஒரே டாக்டர் | நன்றாக | சில வாரம், மாதம் | தேவையற்ற ஊசி மருந்து எழுதுபவர் அமைந்தால் | எந்தப் புதிய அறிகுறிக்கும் முதல் படி |
| தேதி போட்டுக் காத்திருத்தல் | ஆபத்தான அறிகுறி இல்லாதபோது போதும் | பழகப் பழக நீளும் | டாக்டரையே தவிர்ப்பவருக்குச் சாக்கு | காட்டிய பின். மிகச் சாதாரணமானவற்றுக்கு |
| மனநல சிகிச்சை | அதன் வேலை அதுவல்ல | மாதங்கள், ஆண்டுகள் | விடுப்பு, வரிசை, கூச்சம் | பயம் இடம் மாறும்போது, மாதக்கணக்கில் நீடிக்கும்போது |

## திருப்பூர் வாசகிக்கு

முதலில் ஒரு பொது மருத்துவர். நரம்பியல் நிபுணரிடம் நேரே போக வேண்டாம். நீங்கள் பயப்படும் அந்த நோயில் டாக்டர்கள் முதலில் தேடுவது பலக்குறைவை: பிடித்த டம்ளர் நழுவுவது, நடக்கும்போது கால் தடுக்குவது. இமை மட்டும் துடிப்பதற்குத் தூக்கக் குறைவு, காபி, டீ, நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பது, மன அழுத்தம் ஆகியவையே வழக்கமான காரணங்கள். கணக்கு முடிக்கும் மாதத்தில் உங்களிடம் இவை நான்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் இதை என் எழுத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். இரண்டு மாதம் நீடித்த ஒன்றை டாக்டர் ஒருவர் நேரில் பார்க்கட்டும். கையின் பலத்தைச் சோதிக்கட்டும். இமை தானாக முழுதாக மூடிக்கொண்டாலோ, முகத்தின் மற்ற பகுதிக்குப் பரவினாலோ அதையும் சொல்லுங்கள். நிபுணர் தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும்.

முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, அந்த டாக்டர் எழுதும் வேறு ஏதாவது ஒன்றிரண்டு போதும்.

டாக்டர் பார்த்த பிறகு அவரிடமே ஒரு தேதி கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதி வரை கண்ணாடி முன் நின்று இமையைப் பார்ப்பதில்லை, கெண்டைக்காலைக் கவனிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள்.

மனநல மருத்துவரைப் பற்றி அவர் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருப்பது தெரிகிறது. 'எல்லாம் உன் கற்பனை' என்ற பொருளில் அவர் சொல்லியிருந்தால் அது தவறு. துடிப்பு நிஜம், தூக்கமில்லாத இரவுகளும் நிஜம். இதற்கு முன்பும் வேறு நோயை நினைத்து இப்படிப் பல வாரம் கழிந்திருக்கிறதா என்று மட்டும் யோசியுங்கள். இருந்திருந்தால், கண் சரியாகும் வரை காத்திருக்காமல் இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் போகலாம். இதுதான் முதல் முறை என்றால், தேதி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் பேச்சு வராமல் போகும், எனக்கும் போயிருக்கிறது. தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இவ்வளவு போதும்: "இரண்டு மாதமாக இமை துடிக்கிறது. இரண்டு மாதமாகப் பயத்தில் தூங்கவில்லை. இரண்டையும் பாருங்கள், டாக்டர்."